வேலூர்க் கோட்டை, 1806: தேர்வுப் பாடமாக ஒரு கிளர்ச்சி

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலேயப் படையினரைத் தாக்கினார்கள். விடிவதற்குள் கோட்டையின் பெரும்பகுதி அவர்கள் வசமானது. நண்பகலுக்குள் அது மீண்டும் பறிபோனது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2, குரூப் 4 என எந்தத் தேர்வுக்குப் படிப்பவரும் இந்த அரை நாளைப் படிக்காமல் கடக்க முடியாது. விடுதலைப் போராட்டத்தில் தமிழகத்தின் பங்கு பற்றிய பாடப்பகுதியில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகள் என்று ஒரு வரி இருக்கிறது. பூலித்தேவர் தொடங்கித் தீரன் சின்னமலை வரையிலான பாளையக்காரர் எழுச்சிகளும் வேலூர்ப் புரட்சியும் அந்த ஒரே வரிக்குள் அடங்குகின்றன. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் இதற்கென்றே ஒரு பாடம் ஒதுக்கியிருக்கிறது. எட்டாம் வகுப்பு நூலும் பதினோராம் வகுப்பு வரலாற்று நூலும் இதே நிகழ்ச்சியை வெவ்வேறு விரிவில் சொல்கின்றன.

பெரும்பாலான குறிப்பேடுகளில் வேலூர் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆளுநர் வில்லியம் பெண்டிங், தலைமைத் தளபதி ஜான் கிரடாக், புதிய தலைப்பாகை, கர்னல் கில்லஸ்பி, ஜூலை 10. ஒற்றை வரிக் கேள்விக்கு இது போதும். கூற்று–காரணம், காலவரிசை, பொருத்துக ஆகிய வகைகளில் கேள்வி வந்தால் இந்த அரைப் பக்கம் உதவாது. குரூப் 1 முதன்மைத் தேர்வில் விரிவாக எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் பேனா நகராது. காரணம் எளிது. ஜூலை 10 என்பது எட்டு மாத ஆணைகளின் முடிவு. அந்த எட்டு மாதங்களுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுப் போர்கள் இருக்கின்றன. அந்தப் போர்களில் கணிசமானவை இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் நடந்தவை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருந்து படிக்கும் தேர்வருக்கு வேலூர்ப் பாடத்தின் முதல் பாதி சொந்த ஊர் வரலாறு. வேறு மாவட்டத்துத் தேர்வருக்கு இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. மராத்திய மன்னர் ராஜாராம் செஞ்சியில் தங்கியிருந்த காலத்தில், 1690இல், கடலூருக்கு அருகிலுள்ள கோட்டையைக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுவே புனித டேவிட் கோட்டை. கம்பெனி இங்கே முதலில் துப்பாக்கியோடு வரவில்லை, பணப்பையோடு வந்தது என்பதற்கு அந்தக் கோட்டை சான்று. 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற படை அதிகாரி அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சென்னை மாகாணப் படை உருப்பெற்றது அவர் காலத்தில்தான். வேலூரில் 1806இல் துப்பாக்கியைத் திருப்பியவர்கள் அந்தப் படையின் சிப்பாய்கள்.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். பதினோரு ஆண்டுகள் அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிவந்த காலமும் அதுவே. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அதே ஆண்டில் திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையைத் தாக்கியபோது கூட் காயமடைந்தார். 1761இல் முதலில் புதுச்சேரியும், பிறகு செஞ்சியும் வீழ்ந்தன. தென்னாட்டில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு அத்துடன் முடிந்தது. பாடநூலில் மூன்றாம் கர்நாடகப் போர் என்று படிப்பது இந்த ஊர்களின் கதை.

அமைதி இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1780இல் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி மலை இறங்கி ஆற்காட்டு நாட்டுக்குள் வந்தார். செஞ்சியும் அவர் கைக்குப் போனது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் அவரை வென்றார். மறு ஆண்டே பெருமுக்கல் மைசூர்ப் படையிடம் வீழ்ந்தது. படைகள் போகும்போதும் வரும்போதும் வழியிலிருந்த ஏரிகளும் கிராமங்களும் அழிந்தன. போருக்கான செலவைக் கம்பெனி ஆற்காட்டு நவாபின் கடன் கணக்கில் எழுதியது. கடன் ஏற ஏற நவாபின் அதிகாரம் கம்பெனிக்குப் போனது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். 1801 ஜூலை 31 அன்று கையெழுத்தான கர்நாடக உடன்படிக்கையால் நவாபின் நாடு முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. தென்னார்க்காடு அதில் ஒரு மாவட்டமானது. 1993இல் அதைப் பிரித்து உருவானதே விழுப்புரம் மாவட்டம். ஆக, 1806இல் இப்பகுதி மக்கள் கம்பெனியின் நேரடி ஆட்சியில் ஐந்து ஆண்டுகளே வாழ்ந்திருந்தார்கள். இந்த ஐந்தாண்டு இடைவெளியை மனத்தில் நிறுத்தாதவருக்கு வேலூர் ஒரு தலைப்பாகைச் சண்டையாக மட்டுமே தெரியும்.

இங்கே தேர்வர்கள் அடிக்கடி தடுமாறும் ஒரு நாள் இருக்கிறது. ஜூலை 31. கர்நாடக உடன்படிக்கை 1801 ஜூலை 31. தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. வரிசைப்படுத்தினால் உடன்படிக்கை, மருது சகோதரர், சின்னமலை, வேலூர் என்று வரும். இந்த நான்கையும் ஒரே கோட்டில் பார்த்தால் ஒரு உண்மை புலப்படும். பாளையக்காரர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன, அவர்களை நம்பி வாழ்ந்த வீரர்கள் பிழைப்பிழந்தார்கள். திப்புவின் படையும் கலைக்கப்பட்டது. சண்டையைத் தவிர வேறு தொழில் அறியாத இந்த மனிதர்களில் பலர் கம்பெனிப் படையிலேயே சேர்ந்தார்கள். தான் தோற்கடித்தவர்களுக்கே கம்பெனி சீருடையும் துப்பாக்கியும் கொடுத்தது. வெளியே அடங்கிய எதிர்ப்பு படைக்குள் குடியேறியது.

அந்தப் படையில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய உச்சப் பதவி சுபேதார். முப்பது ஆண்டு பணிசெய்த சுபேதாரும் நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேய இளைஞனுக்குக் கீழ்தான். சம்பளமும் அப்படியே. இந்தக் குறை எல்லாப் பட்டாளங்களிலும் இருந்தது. வேலூரில் மட்டும் அது ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு விடை, அந்தக் கோட்டையில் இருந்த இன்னொரு குடும்பம். திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய மகன்களும் மகள்களும் உறவினர்களும் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து மைசூரைச் சேர்ந்த ஏராளமானோர் கோட்டைக்கு வெளியே பேட்டையில் வந்து குடியேறினார்கள். தன் எதிரியின் வாரிசுகளையும் அதே எதிரியின் பழைய வீரர்களையும் கம்பெனி ஒரே மதிலுக்குள் சேர்த்து வைத்தது. கம்பெனி செய்த பெரும் நிர்வாகத் தவறு இதுவே.

இனி எட்டு மாதங்கள். 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய வகைத் தலைப்பாகை முடிவாகிறது. அட்ஜுடன்ட் ஜெனரல் அக்னியூ வடிவமைத்ததால் அதற்கு அக்னியூ தலைப்பாகை என்றே பெயர் ஏற்பட்டது. பார்வைக்கு ஐரோப்பியத் தொப்பி போலிருந்த அதில் தோலால் ஆன குஞ்சம் பொருத்தப்பட்டிருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர எழுந்தது. 1806 மார்ச் 13 தேதியிட்ட படை விதிகள் இன்னும் உள்ளே நுழைந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கட்டாய மதமாற்றத்தின் முதல் படி இது என்ற பேச்சு பாசறைகளில் பரவியது. தொப்பி போட்டவன் கிறித்தவன் என்று ஊரார் எண்ணிய காலம் அது. வீட்டில் பெண்ணும் கொடுக்கமாட்டார்கள், பந்தியில் இடமும் கொடுக்கமாட்டார்கள் என்ற அச்சம் ஒரு சிப்பாய்க்குக் கசையடியைவிடப் பெரியது.

முதல் மறுப்பு ஜூலையில் அல்ல, மே மாதத்திலேயே எழுந்தது. வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தது. சிலர் கைது செய்யப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். இருவருக்கு 900 கசையடி தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். மேலும் 19 பேருக்கு 500 கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டதால் தள்ளுபடியானது. அந்தப் பட்டாளம் வேலூரை விட்டு மாற்றப்பட்டு, அதன் இடத்துக்கு 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களைக் கொண்டது அது. பாளையக்காரர் போர்களின் வடு ஆறாத மண்ணிலிருந்து வந்தவர்கள். ஒரு நெருப்பை அகற்றி இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்த மாற்றம் இது. கூற்று–காரணம் வகைக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இந்தப் பாடத்தில் வேறில்லை. குறிப்பேடுகளில் மிகக் குறைவாக இடம்பெறுவதும் இந்த மே மாதம்தான்.

ஜூன் 17 அன்று முஸ்தபா பெக் என்ற சிப்பாய், கலகத் திட்டம் ஒன்று உருவாகிறது என்று தம் ஆங்கிலேய அதிகாரியிடம் தெரிவித்தார். அவரை நம்பவில்லை, மனநிலை சரியில்லாதவர் என்று சொல்லிச் சிறைவைத்தார்கள். பிறகு அவருக்கே வெகுமதி கிடைத்தது. புதிய ஆணைகளைத் திரும்பப் பெறலாமா என்ற தயக்கம் தலைமைத் தளபதிக்கும் வந்தது. பின்வாங்கினால் படையில் கட்டுப்பாடு குலையும் என்ற எண்ணம் வென்றது.

அப்போது கோட்டையில் 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகளைச் சேர்ந்த ஆங்கிலேய வீரர்கள் ஏறத்தாழ 370 பேரும், மூன்று பட்டாளங்களைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,500 பேரும் இருந்தார்கள். இந்தியப் பட்டாளங்கள் 1ஆம் ரெஜிமெண்டின் இரண்டும் 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆவதும் ஆகும். சிப்பாய்கள் வழக்கமாக இரவில் கோட்டைக்கு வெளியே குடும்பத்தோடு இருப்பார்கள். ஜூலை 10 காலை அணிவகுப்பு இருந்ததால் முந்திய இரவு உள்ளேயே தங்கினார்கள். திப்புவின் மகள் ஒருவரின் திருமணக் கொண்டாட்டமும் அதையொட்டி நடந்தது. சுபேதார் ஷேக் ஆதம், சுபேதார் ஷேக் ஹமீத், ஜமேதார் ஷேக் உசேன், ஜமேதார் ஷேக் காசிம் ஆகிய பெயர்களைப் பாடநூல் தலைவர்களாகத் தருகிறது. கில்லஸ்பியின் பெயரை நினைவில் வைப்பவர்கள் இந்த நால்வரையும் நினைவில் வைக்க வேண்டும். தேர்வுக்கு மட்டுமான வேண்டுகோள் இல்லை இது.

அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு காவலில் இருந்த ஆங்கிலேய வீரர்கள் சுடப்பட்டார்கள். பாசறையில் உறங்கியவர்கள் மீது சன்னல் வழியே குண்டுகள் பாய்ந்தன. சத்தம் கேட்டு வெளியே வந்த கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். 23ஆம் ரெஜிமெண்டின் கர்னல் மெக்கராஸ் அணிவகுப்புத் திடலில் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டார்கள். மைசூர் சுல்தானின் புலிக்கோடுகள் கொண்ட கொடி ஏற்றப்பட்டது. திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதர் அரசர் என்று முழக்கம் எழுந்தது.

தோல்வியின் காரணங்களைத் தனியே படிப்பது நல்லது. கோட்டையின் வெளி வாயில்கள் மூடப்படவில்லை, அகழி மீதான பாலம் தூக்கப்படவில்லை. வெற்றியின் முதல் மணி நேரங்கள் கொள்ளையில் கழிந்தன. மிஞ்சிய 69ஆம் ரெஜிமெண்ட் வீரர்கள் வாயிலின் மேல் மதிலைப் பிடித்துக்கொண்டதை யாரும் முறையாகத் தடுக்கவில்லை. அரசராக அறிவிக்கப்பட்டவர் முன்னின்று தலைமை ஏற்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ், ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி 19ஆம் குதிரைப்படையின் ஒரு பிரிவோடு காலை ஒன்பது மணியளவில் வந்து சேர்ந்தார். பின்னாலேயே பீரங்கிகள் வந்தன. உள்வாயில் தகர்ந்தது. அதன் பிறகு கோட்டைக்குள் நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. அடைக்கலம் தேடியவர்களும் வரிசையில் நிறுத்தி மதிலோரம் சுடப்பட்டார்கள். இறந்த சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொரு கணக்கு. இந்த எண்ணிக்கை வேறுபாட்டைத் தேர்வர் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். கொள்குறித் தேர்வில் பாடநூல் தரும் எண்ணே பாதுகாப்பானது. விரிவான விடையில் இரு கணக்கும் உண்டு என்று எழுதுவதே நேர்மை. கொன்றவர்கள் எண்ணி வைக்காததால் வந்த வேறுபாடு அது.

விசாரணைக்குப் பின் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள், ஐந்து பேர் துப்பாக்கியால் சுடப்பட்டார்கள், எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1ஆம், 23ஆம் ரெஜிமெண்டுகள் கலைக்கப்பட்டு, அந்த எண்களே படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தலைப்பாகை ஆணையும் சமயக் குறி பற்றிய விதிகளும் திரும்பப் பெறப்பட்டன. சிப்பாய்கள் கேட்டது அதைத்தான். ஹைதராபாத், வாலாஜாபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அதே ஆண்டில் அமைதியின்மை தென்பட்டது. ஒரு கோட்டையின் உள்விவகாரம் என்று இதை ஒதுக்க முடியாது என்பதற்கு இந்த இடப்பெயர்களே ஆதாரம்.

பிறகு பழியை யார் ஏற்பது என்ற வழக்கு. பெண்டிங்கும் கிரடாக்கும் ஒருவரை ஒருவர் சுட்டினார்கள். இலண்டனிலிருந்த இயக்குநர் குழு இருவரையும் 1807இல் திரும்ப அழைத்தது. பெண்டிங் தம் தரப்பை விளக்கி எழுதிய விண்ணப்பம் 1810இல் அச்சானது. 1828இல் அவரே கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். இதனால் ஒரு குழப்பம் நேர்கிறது. வேலூர்க் கிளர்ச்சியின்போது கவர்னர் ஜெனரல் பெண்டிங் என்று பலர் குறித்துவிடுகிறார்கள். வேறு சிலர் வெல்லெஸ்லி என்கிறார்கள். வெல்லெஸ்லி 1805இல் போய்விட்டார். அவரை அடுத்து வந்த காரன்வாலிஸ் அதே ஆண்டு அக்டோபரில் காசிப்பூரில் இறந்தார். 1806இல் அப்பதவியை வகித்தவர் ஜார்ஜ் பார்லோ. பெண்டிங் அப்போது சென்னை ஆளுநர். பார்லோ பின்னர் சென்னைக்கே ஆளுநராக வந்தபோது, 1809இல் ஆங்கிலேய அதிகாரிகளே அவருக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். கட்டுப்பாடின்மை இந்தியச் சிப்பாயின் குணம் என்று எழுதிய அறிக்கைகளுக்கு அருகில் இந்தச் செய்தியையும் வைத்துப் படிக்க வேண்டும்.

சான்றுகளைப் பற்றி இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலை 10 பற்றி இன்று நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் வென்றவர்கள் எழுதியவை. கில்லஸ்பியின் கடிதங்கள், விசாரணைக் குழுவின் அறிக்கை, ஆளுநரின் தற்காப்பு, கணவரை இழந்து இரு குழந்தைகளோடு ஒளிந்து உயிர்தப்பிய திருமதி ஃபேன்கோர்ட் எழுதிய நினைவுக் குறிப்பு. அந்த அம்மையாரின் எழுத்து உண்மையான துயரத்தில் பிறந்தது. அதே காலையில் கணவனை இழந்த சிப்பாயின் மனைவியும் பேட்டையில் இருந்தாள். அவள் எழுதிய தாள் எதுவும் இல்லை. சிப்பாய்களின் சொற்கள் நமக்குக் கிடைப்பது விசாரணை வாக்குமூலங்களின் வழியாகத்தான். தூக்குக் கயிற்றை எதிரே வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்ன சொற்கள் அவை. திப்புவின் குடும்பமே சதிசெய்தது என்ற முடிவு கம்பெனி அதிகாரிகளுக்கு வசதியானது. அது ஏற்கப்பட்டால் தங்கள் ஆணைகள் மீதான பழி குறையும். தலைப்பாகையே முழுக் காரணம் என்ற முடிவு இயக்குநர் குழுவுக்கு வசதியானது. ஆட்சி முறையைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கா.அ. மணிக்குமார் போன்ற தமிழக ஆய்வாளர்கள் இந்த ஆவணங்களை எதிர்த்திசையில் வாசித்து, நிலமிழந்த குடிகளின் நிலையையும் பாளையக்காரர் போர்களின் தொடர்ச்சியையும் சேர்த்துக் காட்டினார்கள். 1800–1801 எழுச்சியை முதல் விடுதலைப் போர் என்று வாதிட்ட கே. ராஜய்யனின் 1971ஆம் ஆண்டு நூலும் இதே வழியில் படிக்கத் தக்கது. முதன்மைத் தேர்வு விடையில் இந்தக் கருத்து வேறுபாட்டை இரண்டு வாக்கியத்தில் சொல்பவர், தேதிகளை மட்டும் அடுக்குபவரைவிட ஒரு படி மேலே நிற்பார்.

1857உடன் ஒப்பிடும் கேள்வியும் வழக்கமானது. சமய உணர்வைப் புண்படுத்திய ஒரு பொருள் இரு இடத்திலும் உண்டு. வேலூரில் தோல் குஞ்சம், மீரட்டில் கொழுப்புத் தடவிய தோட்டா. வீழ்ந்த அரச குடும்பத்தை மீண்டும் அரியணையில் ஏற்றும் முழக்கமும் இரு இடத்திலும் உண்டு. வேறுபாடுகளும் அதே அளவு முக்கியம். வேலூர் ஒரு கோட்டைக்குள் அரை நாளில் முடிந்தது. சுற்றுப்புற நாட்டுமக்கள் திரண்டெழ நேரமே வாய்க்கவில்லை. 1857 மாதக்கணக்கில் நீண்டு கம்பெனியின் ஆட்சியையே முடித்தது. 1857இன் முன்னோடி என்ற ஒற்றைச் சொல்லோடு விடையை முடித்தால் மதிப்பெண் குறையும். வேலூருக்கும் அது நியாயம் ஆகாது. 1806இன் சிப்பாய்களுக்குத் தெரிந்தது 1799உம் 1801உம். அவர்கள் விடைசொன்னது அந்த ஆண்டுகளுக்கு.

நேரில் பார்த்துப் படிக்க விரும்புவோருக்கு வழி எளிது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கும் பெருமுக்கலுக்கும் அரை நாளில் போய்வரலாம். மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்ததால் நடப்பு நிகழ்வுகளுக்கும் அது பயன்படும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து காட்பாடி செல்லும் இரயில் பாதை திருவண்ணாமலை, போளூர் வழியாக வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்தைத் தொடுகிறது. கோட்டையின் அகழியும் வாயிலும் இன்றும் நிற்கின்றன. வாயிலிலிருந்து பாசறை இருந்த பக்கம்வரை நடந்து பார்த்தால், பாலத்தைத் தூக்காமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்பது படமின்றியே விளங்கும். இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் கோட்டையருகே உள்ள பழைய இடுகாட்டில் இருக்கின்றன. சிப்பாய்களுக்கான நினைவுத்தூண் நகரில் மக்கான் சந்திப்பில் இருக்கிறது. இருநூறாம் ஆண்டான 2006இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.